எடை வரம்பு மூன்று டன்

பதினொரு மாதத்தில் முப்பத்தொரு கிலோ.
சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள்.
தாவெத்தி மட்டும் கொதிகலன் அறை வாசலில் நின்று
"உனக்கு இங்கேயுமா குளிருகிறது?" என்றான்.

அங்கே முப்பத்தைந்து டிகிரி.
கெமி நகரத்தின் பாதி வீடுகளுக்கு
குழாய் வழியே சூட்டை அனுப்புகிறவள் நான்,
கம்பளிக் கையுறையோடு வால்வைத் திருகினேன்.

குளியலறைச் சல்லடையில் என் தலைமுடி
சுண்டெலிபோல் சுருண்டு கிடந்தது.
ஓஸ்மோ அதைக் காகிதத்தில் எடுத்துப் போட்டான்,
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.
சண்டைக்கும் கலோரி வேண்டும்.

ஜனவரியில் எடை நின்றது.
ஆயிரம் கலோரி தின்றேன், அசையவில்லை.
எண்ணூறு, அப்போதும் இல்லை.
உடம்பு கஞ்சனாகிவிட்டது.
கொடுத்த காசையெல்லாம் முடிந்து வைத்துக்கொண்டு
விரல் நுனிக்குக்கூடக் கிள்ளித் தரவில்லை.

சுகாதார நிலையத்தில் சைமி,
என் வயதில் பாதி, மூக்கில் வளையம்,
என் நோட்டைப் புரட்டினாள்.
ஒரு பட்டாணி விடாமல் எழுதியிருந்தேன்.
"மரச்சில்லு லாரி இனி வராது என்றால்
உங்கள் நிலையத்தில் என்ன செய்வீர்கள், ஹில்லெவி?"
"தீயைத் தணிப்போம்.
ஓரத்துத் தெருக்களை மூடுவோம்."
அவள் என் விரல்களைப் பார்த்தாள்.
கைகளை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டேன்.

வாரத்துக்கு நூறு கலோரி கூட்டு என்றாள்.

பட்டினிக்கு ஒரு வீரம் இருக்கிறது.
ஒரு துண்டு ரை ரொட்டியைக் கூடுதலாய்த் தின்பவளுக்கு
யார் கைதட்டுவார்கள்?
முதல் வாரம் ரொட்டி.
அடுத்த வாரம் அதன்மேல் வெண்ணெய்,
கத்தி நடுங்க நடுங்கத் தடவியது.
மூன்றாம் வாரம் புகைபோட்ட மீன், பாதி.
தராசு ஒன்றரைக் கிலோ கூட்டிச் சொன்னது.
அன்றிரவு பணியில் அழுத்தமானியைப் பார்க்கவில்லை,
என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனில் சைமி கொட்டாவி விட்டாள்.
"பெரும்பாலும் தண்ணீர்தான்.
இரும்பு தூக்குகிறீர்களா?"

தாவெத்தியின் கெட்டில்பெல், பன்னிரண்டு கிலோ,
மூன்றாம் கொதிகலனுக்குப் பின்னால்.
பத்து முறை தூக்குவதற்குள் கண் இருண்டது.
இதைப்போல் இரண்டரைக் குண்டுகளை
இரவும் பகலும் சுமந்திருக்கிறேன்.
படியேறியிருக்கிறேன், பனி தள்ளியிருக்கிறேன்,
கல்யாண வீட்டில் விடியும்வரை ஆடியிருக்கிறேன்.
அந்தப் பழையவளை அன்றுதான்
மரியாதையோடு நினைத்தேன்.

தராசு இப்போது ஓஸ்மோவின் தூண்டில்களோடு கிடக்கிறது.
ஞாயிறு மட்டும் வெளியே வரும்.
எழுபத்திரண்டு. எழுபத்துமூன்றரை.
ஒரு ஞாயிறு எடுக்கவே பயந்தேன்.
எழுபத்திரண்டே முக்கால்.

மார்ச்சில் தீவுக்குப் போனோம், பனிப்பாதையில்.
உறைந்த கடலின்மேல் கார்.
நுழைவில் பலகை: எடை வரம்பு மூன்று டன்.
முன்பெல்லாம் ஓஸ்மோ என் பக்கம் திரும்புமுன்
நானே சிரித்துவிடுவேன்.
போன வருடம் பல் கிட்டிப்போயிருந்தது,
சிரிக்க முடியவில்லை.

இங்கே சீட் பெல்ட் போடுவதில்லை.
உடைந்தால் குதிக்க வேண்டும்.
பாதைக்காரர்கள் நேற்றுத் துளையிட்டு அளந்தார்கள்,
நாளையும் அளப்பார்கள்.
அளந்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள்.

மடியில் அரிசி அடைத்த ரை அப்பம்.
இரண்டாவதா, மூன்றாவதா?
நோட்டு வீட்டில் இருக்கிறது.

காதுக்குப் பின்னால் ஏதோ ஊர்ந்தது.
தொட்டுப் பார்த்தேன். வியர்வை.
நக்கிப் பார்த்தேன், உப்பு.

கண்ணாடியை ஒரு விரல் இறக்கினேன்.
"மூடு, உறைந்து சாகிறேன்" என்றான் ஓஸ்மோ.
இன்னொரு விரல் இறக்கினேன்.