குறைகள் பட்டியலில் துவர்ப்பு

லிமரிக், மார்ச், காலை பத்தரை.
படகுக் கழகத்தின் மாடி அறை.
கடல் ஏறும் நேரம்; கீழே ஷானன்
வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது.
மேசையில் வெள்ளை விரிப்பு, உப்பில்லாத பிஸ்கட்,
துப்புவதற்கு ஒரு வாளி.
வாளியை நாங்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

மூன்று பேர்.
டைக் மல்குவீன், முப்பது வருடம் ரயிலுக்குக் கை காட்டியவர்.
டெர்வ்லா, பல் மருத்துவர், எந்த வாயையும் நம்பாதவள்.
நான், கறுப்பு பீருக்கு மதிப்பெண் போட்டே
பத்தொன்பது மார்ச்சுகளைக் கழித்தவன்,
ஐம்பதுக்கு நாற்பத்தைந்தை ஒருமுறையும் தாண்டாதவன்.

நாற்பத்தொன்றாம் எண் வந்தது.
பெயர் தெரியாமல் இருக்கக் காகிதம் சுற்றியிருந்தார்கள்,
கழுத்தை மறந்துவிட்டார்கள்:
கழுவிக் கழுவி நிரப்பி
பெட்டிக்குள் பக்கத்துப் பாட்டிலோடு
எத்தனையோ லாரிப் பயணம் உரசி
வெளுத்துப்போன வளையம்.
மூடியோரத்தில் ஒரு பொட்டுத் துரு.
"நம்ம பக்கம் இல்லை" என்றார் டைக்,
ஏதோ தண்டவாளம் மாறி வந்த வண்டியைப் போல.

ஊற்றும் ஓசையே கனமாக இருந்தது.
நுரை பழைய செய்தித்தாள் நிறம்,
எழுந்தது, யோசித்தது, உட்கார்ந்துவிட்டது.
தெளிவு: மூன்று மதிப்பெண்.
டெர்வ்லா வாய்க்குள் அடிக்கும் சின்ன டார்ச்சை எடுத்து
கோப்பையின் பின்னால் பிடித்தாள்.
வெளிச்சம் உள்ளே போனது, வரவில்லை.
தெளிந்தால்தானே தேறல்?
இது தெளியவில்லை.
தேறுமா?

முதல் வாய்:
அடிப்பிடித்த வெல்லப்பாகு,
பின்னால் இரும்பு,
அதற்கும் பின்னால் மழை தொட்ட சாக்குமூட்டை.
"சோளம்" என்றாள் டெர்வ்லா, "பாதிக்கு மேல் சோளம்."
விழுங்கிய பிறகுதான் அது வந்தது,
நாக்கின் இரண்டு ஓரங்களையும்
யாரோ இழுத்து முடிச்சுப் போட்டதுபோல.

படிவத்தில் துவர்ப்புக்கு இடம் உண்டு,
குறைகள் பட்டியலில்,
ஈர அட்டை வாசத்துக்கும்
ஸ்கங்க் நாற்றத்துக்கும் நடுவே.
காகிதம் கிழியும்படி டிக் அடித்தார் டைக்.
"கப்பலில் கெட்டுவிட்டது."
"கெட்டதற்கும் இப்படியே பிறந்ததற்கும் வித்தியாசம் உண்டு,
என் நாற்காலியில் தினமும் பார்க்கிறேன்."
"எந்த வகையில் சேர்ப்பாய்?"
அவளிடம் பதில் இல்லை.
நான் இருபத்தேழு போட்டேன்.
குறிப்பில் எழுதினேன்: பாட்டிலை மாற்றலாம்.

மதியம், சூப்.
மிச்சக் கோப்பை ஜன்னலோரம்
ரேடியேட்டர் மேல் கிடந்ததை மறந்தே போனேன்.

காலிப் பெட்டி எடுக்க வந்த பெண்
அதைப் பார்த்து நின்றாள்.
எபியேரே. போர்ட் ஹார்கோர்ட்டிலிருந்து இறக்கி
வில்லியம் தெருவில் விற்பவள்.
"குளிரவைத்தா கொடுத்தார்கள்?"
மதிப்பெண்ணைக் கேட்கவில்லை.
அலுமினியத் தாளைப் பிரித்தாள்:
கம்பியில் சுட்ட மாட்டிறைச்சி,
நிலக்கடலைத் தூள், கண் கலங்கும் மிளகாய்.
"சாப்பிடு. பிறகு குடி."

சாப்பிட்டேன். குடித்தேன்.
வெதுவெதுப்பில் இரும்பு இளகியிருந்தது.
துவர்ப்பு எழுந்து வந்து
கொழுப்பை ஒரே வீச்சில் வழித்துக்கொண்டு போனது,
கடை மூடும் நேரத்தில் மேசை துடைக்கும் கை போல.
வாய் மறுபடி பசித்தது.

"அற்புதம்" என்றேன்.
"எனக்குப் பிடிக்கவே பிடிக்காது" என்றாள்,
"வாரம் இருபது பெட்டி விற்கிறேன்.
நான் குடிப்பது உங்கள் ஆப்பிள் சைடர்."
பெட்டியை இடுப்பில் வைத்துப் படியிறங்கிவிட்டாள்.

படிவத்தைத் திரும்பக் கேட்டேன்.
கணினி முன்னால் அஸம்ப்டா தலை நிமிராமல் சொன்னாள்:
"ஏற்றியாயிற்று. சராசரி இருபத்துநான்கு."
விரலில் மிளகாய் இன்னும் எரிந்தது,
அதே விரலால் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

மாலையில் வாளியைக் கவிழ்க்கப் போனால்
அது காய்ந்து கிடந்தது.
கோட் மாட்டும் கொக்கியில் டைக்கின் மேலங்கி;
அதன் பையிலிருந்து
வெளுத்த வளையத்தோடு ஒரு கழுத்து
எட்டிப் பார்த்தது.

நான் எதுவும் கேட்கவில்லை.
இருபத்தேழு போட்டது யார் என்று
அவரும் கேட்கவில்லை.