தன்மை ஒருமை

கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று
பதினோரு வருஷத்துக்கு முன்
இதே மண்டபத்தில் சத்தியம் செய்தவள் நான்.
சிங்களத்தில் வருவதைத் தமிழில் வைப்பேன்.
தமிழில் வருவதைச் சிங்களத்தில்.

இன்று மூன்றாவது வழக்கு.
மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஒரு லொட்ஜ், ஆறாம் நம்பர் அறை.
எதிரி: வதனமலர், வயது முப்பத்தாறு, செங்கலடி.
எதிரி என்றுதான் எங்கள் சட்டத்தமிழ் சொல்லும்.
யாருக்கு என்று கேட்பதில்லை.

சாட்சி கூண்டில் ஏறினார்.
சிவில் உடையில் போனாராம்,
விலை பேசினாராம்,
இலக்கம் குறித்து வைத்த தாள்கள் மூன்றைக் கொடுத்தாராம்.
இந்த ‘ஆம்’ எல்லாம் இப்போது சேர்த்தது.
அங்கே அதற்கு இடமில்லை.
சாட்சி எப்படிச் சொல்கிறாரோ அப்படியே,
அவர் வாயாகவே பேசவேண்டும்.

ஆகவே சொன்னேன்:
நான் போனேன்.
நான் விலை கேட்டேன்.
கூட என்று சொல்லிக் குறைக்கச் சொன்னேன்.
நான் காசு கொடுத்தேன்.

எதிரி தலை நிமிர்ந்தாள்.
நான் தாள்களின் இலக்கங்களை
ஒவ்வொன்றாக வாசித்தேன்.

இது ஐந்தாம் தவணை.
தவணைக்கு ஒரு நாட்கூலி போகும், பஸ் காசு போகும்,
செவ்வாய் என்றால் லோன்காரன் வாசலில் நிற்பான்.
குற்றவாளியா சுற்றவாளியா என்று மறுபடி கேட்டார்கள்.

“இனி அலைய ஏலாது, ஓம் எண்டே எழுதுங்க.
மறுகா, வாங்கின ஆளும் ஓம் எண்டுதானே சொல்லிப்போட்டார்?”

முழுவதையும் சிங்களத்தில் வைத்தேன்,
கேள்விக்குறி உட்பட.
தட்டச்சில் ஒரு சொல்தான் விழுந்தது.

சட்டம் ராணி காலத்தது.
அபராதம் ஓட்டோக் காசுக்கும் காணாது.
லொட்ஜ்காரர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.
மூன்று தாள்களும் சாட்சியிடம் திரும்பின.
விரலை நனைத்து எண்ணி
ஒப்பம் வைத்தார்.

வெளியே தண்ணீர்க் குழாயடியில்
முகம் கழுவிக்கொண்டு நின்றாள்.
அபராதச் சிட்டை பல்லில் கடித்திருந்தது.
எடுத்துவிட்டுச் சொன்னாள்:

“மிஸ், அந்தாள் சொல்லக்குள்ள எனக்கு ஒண்டும் விளங்கல்ல.
நீங்க ‘நான் குடுத்தன்’ எண்டு சொல்லக்குள்ளதான்
ஆர்ரா இது எண்டு பாத்தன்.”

சிரித்தாளா தெரியவில்லை.
முகம் ஈரமாக இருந்தது.
ஏறாவூர் பஸ் வந்தது, ஓடினாள்.

நாலாவது வழக்குக்கு
என் பெயரை உள்ளே கூப்பிட்டார்கள்.