பதில் அளிக்கப்பட்டது

எர்ணாவூர் சமுதாயக் கூடத்தில்
மேடைக்குக் கீழே, பெடஸ்டல் ஃபேனுக்குப் பின்னால்
எனக்கொரு மேசை.
சொன்னதைச் சொன்னபடி தட்டுவது வேலை.
நாளுக்கு அறுநூற்றைம்பது, மதியம் புளிசோற்றுப் பொட்டலம்.

தேசம்மா கேட்டது ஒரே கேள்வி:
சாம்பல் குழாய் ஒடைஞ்ச எடத்தாண்ட
ஆறு இப்ப எத்தினி அடி ஆழம் கீது?

பதில் ஓர் எண்.
மூன்று, இரண்டரை,
தெரியாது என்றிருந்தாலும் ஒரு சொல்தான்,
விரல் வலிக்காமல் தட்டியிருப்பேன்.

ரகோத்தமன் சார் மைக்கை ஊதிப் பார்த்தார்.
அம்மா, உங்க வீட்ல ஃபேன் ஓடுதா?
ஓடுது.
மிக்ஸி?
அதுவும்.
அப்போ கரண்ட் வேணும், கம்பெனி வேணாம்?
முன் மூன்று வரிசை கைதட்டியது.
முன் மூன்று வரிசை காலையில்
ஒரே வேனில் வந்து இறங்கியது.

வாணாம்னு நான் எப்ப சொன்னேன்,
ஆழந்தான கேட்டேன் என்றாள்.
யார் காதிலும் விழவில்லை.
அவள் பேரில் ஒரு கொடும்பாவி கட்டி
ஆளாளுக்குக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.
பக்கத்திலேயே நின்றிருந்தாள் அவள்,
ஒரு நூல்கூடக் கருகாமல்.

பிறகு திரையில் படம்.
பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கழிப்பறை,
பெண்பிள்ளைகளுக்கு நூற்று நாற்பது சைக்கிள்.
அத்தனை சைக்கிளிலும் மாறி மாறி ஏறி
கேள்வி கூடத்தை விட்டே போய்விட்டது.
ஓரத்தில் ஒருவர் முணுமுணுத்தார்:
இன்னைக்கு ஆழம் கேப்பாங்க, நாளைக்கு அகலம்,
நாளன்னைக்கு கேட்டுக்குப் பூட்டு.

அப்போதுதான் நம்மாள் துலுக்காணம்
நாற்காலி மேல் ஏறினான்.
யோவ், நீ எந்த ஊரு? எறாவுக்குத் தல எது வால் எதுன்னு
உனுக்குத் தெரியுமா?
கொழா ஒடைஞ்ச வாரந்தான்யா எங்க சித்தப்பா செத்தாரு!
கூடம் அதிர்ந்தது.
என் விரலும் நின்றது, உண்மையைச் சொல்கிறேன்,
நானும் சிரித்தேன்.
அவன் சித்தப்பா போனது மஞ்சள் காமாலையில்,
சாவுக்கு நானே போயிருந்தேன்.

தேசம்மாதான் திரும்பினாள்.
நீ இன்னாத்துக்குடா நடுவுல.
அவுரு ஊரு எதுனா இருக்கட்டும்.
எனுக்கு அளவுதான் வோணும்.

படிவத்தில் நான்கு கட்டம்:
வரிசை எண், பெயர், கேள்வி, பதில்.
நான்காவதில் என்ன தட்டட்டும் என்றேன்.
மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.
'பதில் அளிக்கப்பட்டது'ன்னு போடும்மா.
எவ்வளவு வசதியான வாக்கியம்.
அளித்தவரும் இல்லை, பதிலும் இல்லை,
முற்றுப்புள்ளி மட்டும் என் கையால்.

ஷேர் ஆட்டோவில் ஏறும்போது
தேசம்மா சேலையைத் தூக்கிச் செருகினாள்.
பாவாடையில் சாம்பல் நிறத்தில் காய்ந்த கோடு,
முழங்காலுக்கு நாலு விரல் கீழே.
காத்தால எறங்கிப் பாத்துட்டுத்தான் வந்தேன்.
தெரிஞ்சேவா கேட்டீங்க?
எனுக்குத் தெரிஞ்சு இன்னா ஆவப்போவுது,
அவுங்க வாயால வரணும்.
டோல்கேட் வரைக்கும் வேறெதுவும் பேசவில்லை.

தண்டையார்பேட்டையில், வீட்டில்,
சேட்டு சட்டையைக் கழற்றியபடி கேட்டான்:
சீட்டுப் பணத்துல எவ்ளோ எடுத்த?
பைக்குக்குப் போன மாசம் நீ பூட்டுன சைலன்சர்
யாரைக் கேட்டுப் பூட்டுன என்றேன்.
உங்கக்கா பொண்ணு சடங்குக்கு
என் கம்மலை அடகு வெச்சது யாரு என்றேன்.
சந்தேகப்படுற வீட்ல மனுஷி இருக்க முடியுமா என்றேன்.
சரளமாக வந்தது.
என் தொண்டைக்குள்ளிருந்து யாரோ
மைக்கை ஊதிப் பார்த்தார்கள்.

சேட்டு கோபப்படவில்லை.
சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு
மறுபடி கேட்டான்: எவ்ளோ?

ஆயிரத்து எண்ணூறு என்றேன்.

எடுத்தது இரண்டாயிரம்.
மீதி இருநூறு அவன் கேட்கவில்லை.
பதில் அளிக்கப்பட்டது.