உட்பிரிவு நிலுவை

வியாழக்கிழமை மூலைக்கரைப்பட்டிக்கு மேற்கே
ஒன்றரை சென்ட்டுக்காக இரண்டு பேர்.
மூத்தவர் வானமாமலை, இளையவர் தெய்வநாயகம்.
ஒரே சாமியின் இரண்டு பெயர்கள்,
ஒரே தாய் வைத்தவை.
"கல்லு நடந்து போயிருக்கும்மா" என்றார் இளையவர்.
கல்லுக்குக் கால் உண்டா என்று கேட்கவில்லை நான்.
பதினோரு வருஷ சர்வீஸ்.
கல் நடக்கும்.

ராத்திரி பெருமாள்புரத்தில்
நாத்தனார் சார்ஜாவிலிருந்து கொடுத்துவிட்ட பெட்டியைப் பிரித்தேன்.
உள்ளே வட்டமாக, கறுப்பாக,
தோசைக்கல் உச்சியில் குமிழ் முளைத்த மாதிரி ஒன்று.
குமிழ் சுற்றிச் சுற்றிப் பார்க்குமாம்.
பார்த்ததை அளந்து வரைந்துவிடுமாம்.
எனக்கென்றால் சங்கிலி வேண்டும், கொடிக்கம்பு வேண்டும்,
ஒரு தலையாரி, ஒரு குடை,
"எங்க அய்யா காலத்துலேருந்தே" என்று ஆரம்பிக்க ஒரு கூட்டம்.

முதலில் இந்தியில் பேசியது.
மாற்றினேன், இங்கிலீஷில் பேசியது.
அதற்கு மேல் அதனிடம் மொழி இல்லை.

ஊருக்குப் புதியவன் அடுத்தவன் வரப்பில் போவதுபோல்
சுவரோரமாகவே போனது.
அடுக்களை வாசலில் கறுப்புக் கடப்பாக்கல்.
பள்ளம் என்று நினைத்து நின்றது.
பின்வாங்கி, திரும்ப வந்து, திரும்ப நின்றது.
நான்தான் தூக்கி அந்தப் பக்கம் விட்டேன்.
படுக்கையறைத் திரைச்சீலையைச் சுவர் என்று எழுதிக்கொண்டது.
திருத்தவில்லை.

விடிந்ததும் செல்போனில் புலப்படம்.
ஒரு விரற்கடைகூடப் பிசகில்லை.
என் படங்களைவிடச் சுத்தம்,
ஆபீசில் சொல்ல மாட்டேன்.
அறைகளுக்குப் பெயர் வை என்றது.
ஈரம் காயாத அடுக்களை, நஞ்சை.
படுக்கையறை, புஞ்சை.
துணி உலர்த்தும் பின்பக்கம் மேய்ச்சல்.
குளியலறை வாசலில் சிவப்புக் கோடு இழுத்தேன்:
நீர்நிலை, பிரவேசம் கூடாது.

ஹாலுக்கு வந்ததும் விரல் நின்றது.
நடுவில், ஜன்னலுக்கு நேரே,
ஆறடிக்கு இரண்டடி
வெள்ளையாக ஒரு நீள்சதுரம்.
அங்கே தூண் கிடையாது. பீரோ கிடையாது.

நயினார் படுத்திருந்தார்.

பங்குனியிலிருந்து அங்கேதான் படுக்கை.
காற்று வரும் என்பது பதிவேட்டில் உள்ள காரணம்.
பணகுடியில் காற்றாலை மேலே ஏறி
நாளெல்லாம் காற்றில் நிற்கிற மனுஷனுக்கு.

அவர் ஏழு மணி பஸ்ஸுக்குப் போன பிறகும்,
பாயைச் சுருட்டி மூலையில் சாத்திய பிறகும்,
இயந்திரம் அந்த இடத்தைச் சுற்றியே போகிறது.
தலைமாட்டில் திரும்பி,
விலாவில் இடித்துவிடாமல்,
கால்மாட்டில் ஒதுங்கி.
மூன்று நாளில்
ஆனிக்காற்று கொண்டுவந்த செம்மண்
அங்கே மட்டும் மெல்லிசாகப் படிந்திருந்தது.
விளக்குமாற்றை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஒரு பட்டனை அழுத்தினால் புதிதாக வரையும்.
இல்லை, விரலால் ஒரு கோடு;
இந்தப் பக்கம் வேறு, அந்தப் பக்கம் வேறு.
கோடு போடத்தானே அரசாங்கம் சம்பளம் தருகிறது.
ஆனால் நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று
விசாரிக்காமல் கோடு போட்டதில்லை இதுவரை.
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்
பெயர் கேட்கும் கட்டத்தில் தட்டினேன்:
உட்பிரிவு நிலுவை. மனு வந்தால் அளக்கப்படும்.

அவர் தங்கை
இரண்டு பேர் போனிலும் ஏற்றிவிட்டிருக்கிறாள்.
அது எனக்குத் தெரியாது.

நாலே முக்காலுக்கு அழைப்பு.
பின்னால் இறக்கை காற்றை வெட்டும் சத்தம்.
"ஏளா, மனுவுக்கு எவ்வளவு கெட்டணும்?"
"ரூவா கெடக்கட்டும்.
அளக்கும்போது ரெண்டு தரப்பும்
நேர்ல இருக்கணும்."
என்னவோ சொன்னார்.
பாதியைக் காற்று கொண்டுபோயிற்று.
மீதிப் பாதியில் ராத்திரி என்ற சொல் இருந்தது.

இங்கே, பன்னிரண்டு சதவீத சார்ஜோடு
அடுக்களையிலிருந்து திரும்பமுடியாமல்
கடப்பாக்கல் முன்னால் அது நிற்கிறது.
எட்டிப் பார்க்கிறது, பின்வாங்குகிறது.
பள்ளமில்லை, வா
என்கிறேன் தமிழில்.