நாற்பது பாகை

சரிஞ்ச சொவர இதுவரைக்கும்
யாரும் காசு குடுத்துக் கேட்டதில்லம்மா என்றார்
பேட்டை பலவேசம் ஆசாரி.
ஏறதுக்குன்னா ஏணி போதாதா?
தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு
பலகை எவ்வளவு தள்ளி நிற்கிறதென்று
எனக்கே காட்டினார், வருத்தமாக.

பதினெட்டு மில்லி பிளைவுட் இரண்டு.
நூற்றிருபது துளை.
மாடித் தகரத்துக்கடியில் அக்னி நட்சத்திரம்.
வாங்க முடிந்தது பதினாறு பிடிதான்.
மீதிக்கு
வண்ணார்பேட்டையில் இடித்த வீட்டின்
வாசல்நிலையை அறுத்தோம்.
தேக்கு.
ஒரு துண்டில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

கீழே, விழுவதற்கு,
சீரோடு வந்து சீரோடு திரும்பிய
இலவம்பஞ்சு மெத்தை.
பதினோரு வருஷத்தில் அது செய்யும்
முதல் உருப்படியான வேலை.

மூன்றாவது பிடியில் விழுந்தேன்.
மறுநாளும் அங்கேயே.
கை வேர்வைக்குக் கேரம் பவுடர் போட்டு
இன்னும் வழுக்கியதை
யாரிடமும் சொல்லவில்லை.

பாக்கி வாங்க வந்தவர்
சாரத்தை மடித்துக் கட்டினார்.
செருப்பு ஓரமாக.
மஞ்சள் பிடி, அதற்கு மேல் நீலம்,
கால் எங்கே வைத்தாரென்று பார்ப்பதற்குள்
நான்காவதில் தொங்கிக்கொண்டிருந்தார்,
முகம் என் பக்கம் தலைகீழாக:

இந்த போல்ட்டு ஆடுது.
ஸ்பேனரை எடும்மா, சீக்கிரம்.