முப்பத்தாறு முழங்கால்

லாஸ்பேட்டையில் இந்த வண்டியை ஓட்டிப் பார்த்த அன்று
விற்றவர் பாட்டை நிறுத்தவே இல்லை.
கோரிமேடு போய்த் திரும்பும்வரை
நாதஸ்வரமா சாக்ஸபோனா என்று தெரியாத ஒன்று,
உரக்க.
நல்ல ரசனைக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.
பணம் கொடுத்து, சாவி வாங்கி,
கன்னியக்கோயில் தாண்டி ரேடியோவை அணைத்தபோது
முன்சக்கரத்துக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

வீடு வீடாகப் போய்
முழங்கால்களை மடக்கி நீட்டிவிடுவது என் தொழில்.
ஒரு தடவைக்கு ஐந்நூறு.
மூட்டு பேசினால் எனக்குப் புரியும்.
குனிந்து, டயரை இரு கையாலும் பிடித்து ஆட்டினேன்:
தேய்ந்த குருத்தெலும்பு.
"புஷ்ஷு போச்சு மேடம்" என்றார் செம்மண்டலம் இருதயராஜ்,
"லோயர் ஆர்மோட மாத்தணும், ரெண்டு பக்கமும்."
ஏழாயிரம்.
பதினான்கு முழங்கால்.

அன்றிலிருந்து எனக்கு ரூபாய் என்று ஒன்று கிடையாது.
கிளட்ச் செட், கூலியோடு பதினெட்டாயிரம்:
முப்பத்தாறு முழங்கால்.
அதில் ஒன்பது, புதுப்பாளையம் ஓய்வுபெற்ற சார்பதிவாளருடையவை.
நடக்கத் தொடங்கியதும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.
பாக்கி.
டர்போ ஹோஸில் விரிசல், மூவாயிரத்து இருநூற்றைம்பது.
ஆறரை.
அரை முழங்காலோடு யார் வருவார்?

ஏசி கம்ப்ரசர் என்று அவர் வாயெடுத்ததும்
கண்ணாடியை இறக்கிவிட்டேன்.
அந்த மே மாதம் முழுக்க
தேவனாம்பட்டினத்துக் காற்றுதான் ஏசி.
அதே காற்றுதான்
அடியில் படுத்து சைலன்ஸரைத் தின்றுகொண்டிருந்தது,
அது எனக்கு ஆவணியில்தான் தெரிந்தது,
ஊரே திரும்பிப் பார்த்தபோது.

ஆல்பேட்டை செக்போஸ்டில்
பி.ஒய். நம்பரைக் கண்டாலே கை நீளும்.
டிக்கியில், தண்ணீர்க் கேனில், பச்சையாக.
"இது என்ன சரக்கு?"
"கூலன்ட் சார். ரேடியேட்டர் ஒழுகுது."
மூடியைத் திறந்து மோந்தார்.
நம்ப மனமில்லாமல் இன்னொருமுறை மோந்தார்.
"மாத்திடுங்களேம்மா."
"பதினேழு முழங்கால் சார்."
போகச் சொல்லிவிட்டார்.

இருதயராஜுக்கு வலது கை காதுக்கு மேல் ஏறாது.
பானட்டைத் தூக்கும்போதெல்லாம்
இடது தோள்தான் முன்னால் போகும்.
உறைந்த தோள் அண்ணே,
ஆறு மாதம் ஒழுங்காக வந்தால் பிரித்துவிடலாம் என்றேன்.
"இந்த மாசம் போகட்டும் மேடம்."
நான் அவரிடம் சொல்லும் அதே வார்த்தை,
அதே மாதம்.

இப்போது புதிதாக, மூன்றாவது கியரில் ஓர் ஊளை.
காலையில் மட்டும், எஞ்சின் சூடாகும்வரை.
"பேரிங்கா இருக்கும். இறக்குனாதான் தெரியும்."
நாங்களும் இப்படித்தான் சொல்வோம்.
முப்பதாயிரத்துக்குக் குறையாதாம்.
இந்தக் கடலூரில் அத்தனை முழங்கால்
எனக்காக வலித்துக்கொண்டிருக்கவில்லை.

ஞாயிறு விடியலிலேயே வந்துவிட்டார்கள்,
நெல்லிக்குப்பத்திலிருந்து.
வீரசிகாமணி, ஐஸ் கம்பெனியில் கணக்கு.
மனைவி. ஐந்து வயதில் ஒரு பையன்.
நகையை வைத்திருக்கிறார்கள் என்பதை
அந்த அம்மாளின் மஞ்சள் கயிறு சொன்னது.
அவர் ஏறும்போது இடக்காலை முன்வைத்து
வலதை இழுத்துக்கொண்டார்.
உட்பக்கத் தேய்மானம். ஆரம்பம்தான்.
இப்போதே பார்த்தால் சரியாகிவிடும்.
சொல்லவில்லை.
"மொதல்ல நீங்களே ஓட்டிக் காட்டுங்க."

வண்டி இன்னும் சூடாகவில்லை.
முதல் கியர்.
சில்வர் பீச் சாலை திரும்பி, இரண்டாவது.
அவர் டேஷ்போர்டைத் தடவிப் பார்க்கிறார்,
கன்றுக்குட்டியைத் தடவுவது மாதிரி.
நேர்ச்சாலை வந்துவிட்டது, மூன்றாவது போட்டாக வேண்டும்.
ஒரு கை கியரில்.
இன்னொன்று ஸ்டீயரிங்கை விட்டு
ரேடியோப் பக்கம் போவதை
நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"பாட்டு போடுங்க ஆன்ட்டி"
என்கிறான் பையன்.