எண்பது தார்

பஞ்சிகாவத்தை நிஸ்தார் நானா
டயரை எடுக்குமுன் கேள்வி கேட்பார்:
"நூறு கிலோமீற்றர் ஓடினா
எத்தன தார், எத்தன மண்?"

பாதிக்குப் பாதி என்றேன்.
பொய்.
தெமட்டகொடையிலிருந்து தெரணியகலை வரை தார்தான்.
அதற்கு மேலே கடைசி ஒன்பது கிலோமீற்றர்
சேறு, உருளைக்கல், அட்டை.
என் வேலை மழைமானிகள்.
புனலில் விழுந்த இலையை எடுப்பது,
பற்றரி மாற்றுவது,
மில்லிமீற்றரை எழுதிக்கொண்டு திரும்புவது.

போன முறை போட்டது பெருங்கட்டை டயர்.
ஆசைதான், வேறென்ன.
நிறுத்தி வைத்தாலே
காட்டை முடித்துவிட்டு வந்த பைக் மாதிரி இருக்கும்.
பேஸ்லைன் வீதி முழுக்க
ஹெல்மெட்டுக்குள் வண்டு விட்டதுபோல ஒரு ரீங்காரம்.
நாலாயிரத்தில் நடுக்கட்டை தேய்ந்து
பின்டயர் பலகைபோலத் தட்டையானது,
வளைவில் சாய மாட்டேன் என்றது.

பிறகு பொரளையில் ஒரு பின்னேரம்.
தூறல் தொடங்கி ஐந்து நிமிடம்,
அந்த ஐந்து நிமிடம்தான் மோசம்,
எண்ணெயும் தூசும் மேலே மிதந்து வருகிற நேரம்.
மஞ்சள் கடவையின் பெயின்டில் முன்டயர்
வழுக்கியது என்று சொல்ல மாட்டேன்,
விடைபெற்றது.
பின்னால் நின்ற பஸ்காரர்
ஹோர்ன் அடிக்காமல் காத்திருந்தார்.
அதுதான் கூடுதலாய் வலித்தது.

நானா என் முழங்கையைப் பார்த்தார்.
"தம்பி, உள்ளதச் சொல்லுங்க."
"எண்பது தார்."
அப்போதும் கொஞ்சம் மறைத்தேன்.

ஏணி வைத்து அவர் இறக்கியது
நடுவில் நெருக்கமான கட்டையும்
ஓரத்தில் மட்டும் பல்லுமாய்
அழகே இல்லாத ஒன்று.
பக்கச்சுவரில் நாலு இலக்கத்தை
விரலால் துடைத்துக் காட்டினார்:
முப்பத்தோராம் வாரம், போன வருடம்.
"இத வாசிக்காம வாங்குறவன்
திகதி பாக்காம பால்மா வாங்குறவன்."

இரண்டுக்கும் விலை கேட்டேன்.
பின்னுக்கு மட்டும் வாங்கினேன்.

பொருத்துகிற புத்திக
அம்புக்குறி எந்தப் பக்கம் என்று
மூன்று தரம் பார்த்தான்;
என்றைக்கோ ஒருநாள் பிழைத்திருக்க வேண்டும்.
சவர்க்காரத் தண்ணீர், இரண்டு லீவர்,
டியூபுக்குப் பவுடர்.
கிரீஸ் மணக்கும் கடை
கொஞ்ச நேரம் குழந்தையாய் மணத்தது.
புது ரப்பரில் மினுக்கம் போகும்வரை
முதல் நூறு கிலோமீற்றர்
மாமியார் வீட்டுக்குள் நடப்பதுபோல ஓடச் சொன்னான்.

காற்றுப் பார்ப்பது விடியலில்,
டயர் சூடேற முன்.
தாருக்கு முப்பது.
தார் முடிகிற தேத்தண்ணிக் கடையடியில் குந்தி
இருபதுக்கு இறக்குவேன்.
ஸ்ஸ்ஸென்று மலையில் கலப்பது
தெமட்டகொடைக் காற்று,
டீசலும் கால்வாயும் கொத்துரொட்டிக் கடையும்.
திரும்பும்போது கால்பம்பால் ஏற்றுவது
அங்குள்ளதை.
எண்ணி மிதித்து,
மூச்சு வாங்கி,
ஒவ்வொரு கிழமையும் கொழும்புக்குக்
கொஞ்சம் மலைக்காற்றுக் கொண்டுவருகிறேன்.
யாரும் கேட்டதில்லை.

கழற்றிய டயர் பின்மதிலோரம் கிடந்தது.
டெங்குப் புத்தகத்தோடு வந்த பீஎச்ஐ, சுதர்மா நோனா,
காலால் அதைச் சரித்தார்.
உள்ளிருந்த தண்ணீர் கூத்தாடிப் புழுக்களோடு
அவர் சப்பாத்து வரை வந்தது.
நோட்டீசில் தொழில் என்ற கட்டத்துக்கு வந்தபோது
மழை அளக்கிறேன் என்றேன்.
பேனா நின்றது.
சிரிக்கவில்லை அவர்.
கிடந்தது எத்தனை மில்லிமீற்றர் என்று
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்,
ஊற்றுமுன் கண்ணால் அளந்தாகிவிட்டது.

முன்டயர் இன்னும் பழையதுதான்.
சம்பளம் வர ஒன்பது நாள்.
காலையில் காற்றுப் பார்த்த கையோடு
கட்டைகளுக்கு நடுவே தீக்குச்சியை நிறுத்தி
நகத்தால் அடையாளம் வைக்கிறேன்.
மூன்று மில்லிமீற்றர்.
எங்கள் பதிவேட்டில்
அதைத் தூறல் என்று எழுதுவோம்.